வாரத்துக்கு ஒரு கால்... கினி பிக் நகத்தைப் பயமில்லாமல் வெட்டலாம்!

நாய், பூனை வளர்க்கிற வீடுகளில் நகம் வெட்டுவது பழகிப்போன வேலை. கினி பிக் இருக்கிற வீடுகளில் மட்டும் அது இன்னும் பயமான வேலையாகவே இருக்கிறது. ‘கையில் எடுத்தாலே கத்துகிறது. ரத்தம் வந்துவிடுமோ என்று அப்படியே விட்டுவிட்டோம்’ என்று சொல்லாதவர்கள் குறைவு.

பயம் நியாயமானதுதான். இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற உடம்பு. தீக்குச்சி கனத்தில் நகம். அதை வெட்டும்போது துள்ளினால் என்ன செய்வது?

ஆனால், பாவம் பார்த்து வெட்டாமல் விட்டால் அதற்குத்தான் கஷ்டம். நகம் வளைந்து பாதத்திலேயே குத்தும். அந்தப் புண் சுலபத்தில் ஆறாது. ‘இன்றைக்கே எல்லாவற்றையும் முடித்துவிடலாம்’ என்று அமுக்கிப் பிடித்து வெட்டினாலோ, அடுத்த முறை உங்கள் கையைப் பார்த்தாலே ஓடி ஒளியும். இரண்டுக்கும் நடுவே சுலபமான ஒரு வழி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு கால் மட்டும் வெட்டுங்கள். நான்கு வாரத்தில் நான்கு கால்களும் முடிந்துவிடும். ஐந்தாவது வாரம் மறுபடி முதல் காலுக்கு வந்துவிடலாம். கினி பிக் நகத்தை 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் பெரும்பாலும் போதும் என்பதால் கணக்கும் சரியாக வரும்.

நகம் ஏன் இப்படி வளர்கிறது?

பெயரில்தான் ‘பிக்’. இது பன்றி இனம் கிடையாது. ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலிருந்து வந்ததும் கிடையாது. எலி, அணில் போலக் கொறித்துத் தின்கிற பிராணி. பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதி. அங்கே மனிதர்கள் இதைப் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்துவருகிறார்கள்.

இதன் காட்டு உறவினங்கள் கல்லும் மண்ணும் புல்லும் கலந்த தரையில் ஓடித் திரிபவை. அதனால் நகம் தானாகவே தேய்ந்துவிடும். நம் வீட்டில் என்ன இருக்கிறது? கூண்டுக்குள் பழைய துண்டு, செய்தித்தாள், வைக்கோல். வெளியே விட்டால் வழுவழுவென்று டைல்ஸ் தரை. நகம் தேய வழியே இல்லை. ஆனால் வளர்ச்சி மட்டும் நிற்பதில்லை.

முன்னங்கால் ஒவ்வொன்றிலும் 4 விரல்கள், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் 3 விரல்கள். ஆக, மொத்தம் 14 நகங்கள். சில கினி பிக்குகளுக்குப் பின்னங்காலில் கூடுதலாக ஒரு குட்டி விரல் இருக்கும். அதில் நகம் இருந்தால் அதையும் மறக்காமல் கவனியுங்கள். தரையில் படாத நகம் என்பதால் அதுதான் சுருண்டு வளரும்.

நகம் நீளமானால் விரல் பக்கவாட்டில் திரும்பும். நடை மாறும். உடம்பின் கனம் பாதத்தில் ஒரே இடத்தில் விழும். அந்த இடம் முதலில் சிவக்கும், பிறகு வீங்கும், பொருக்குத் தட்டும். இதைத்தான் கால்நடை மருத்துவர்கள் ‘பம்பிள்ஃபுட்’ என்கிறார்கள். கம்பி வலைத் தரை, ஈரமான படுக்கை, அதிக எடை ஆகியவையும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசமாகும். முற்றிவிட்டால் கிருமி எலும்பு வரைக்கும் இறங்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காட்டில் மற்ற பிராணிகளுக்கு இரையாகிற இனம் என்பதால், கினி பிக் தன் வலியை வெளியே காட்டாது. நீங்கள் நொண்டலைக் கவனிக்கும்போது, புண் வந்து பல நாள் ஆகியிருக்கலாம். அதனால் வாரம் ஒருமுறை கூண்டைச் சுத்தம் செய்யும் நாளில் நான்கு பாதங்களையும் திருப்பிப் பாருங்கள். நகம் வளையத் தொடங்கிவிட்டதா, துண்டின் நூலில் மாட்டுகிறதா, பாதம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது?

நகத்துக்கு உள்ளே, அடியிலிருந்து பாதித் தூரத்துக்கும் மேலே, ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. இந்தப் பகுதியை ‘குவிக்’ என்பார்கள். நாம் ‘உள்சதை’ என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அப்பால் இருக்கிற நுனி, நம் நகத்தின் வெள்ளை நுனி மாதிரிதான். அதை வெட்டினால் வலிக்காது. உள்சதையில் கத்தி பட்டால் வலிக்கும், ரத்தம் வரும்.

வெளிர் நிற நகமாக இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். உள்சதை இளஞ்சிவப்பாகக் கண்ணுக்கே தெரியும். அது முடிகிற இடத்திலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள்.

கறுப்பு நகத்தில் உள்சதை தெரியாது. அதற்கு உங்கள் கையில் இருக்கிற போன் உதவும். ஒருவர் போன் டார்ச்சை நகத்துக்கு அடியிலிருந்து அடிக்கட்டும். மேலிருந்து பார்த்தால், உள்சதை இருக்கும் பகுதி கொஞ்சம் இருட்டாகத் தெரியும். வெளிச்சத்தைக் கண்ணில் அடித்துவிடாதீர்கள். இன்னொரு வழி, முதல் நாளே ஒவ்வொரு காலையும் நெருக்கமாகப் படம் எடுத்துவைப்பது. துள்ளுகிற காலைப் பார்ப்பதைவிட, படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்ப்பது சுலபம். கண் பார்வை மங்கலான தாத்தா, பாட்டிகூட இப்படிப் பார்த்து ‘இது வரைக்கும் வெட்டலாம்’ என்று சொல்லிவிடலாம்.

டார்ச் அடித்தும் தெரியவில்லையா? கொக்கி போல வளைந்திருக்கிற கூர்நுனியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். குறைவாக வெட்டினால் எந்த நஷ்டமும் இல்லை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக வெட்டிவிட்டால் திருப்பி ஒட்டவைக்க முடியாது.

வயதான கினி பிக்குகளுக்கு முன்னங்கால் பாதத்தில், நகம் போலவே தடித்த ஒரு தோல் நீட்டிக்கொண்டிருக்கும். அது நகமல்ல. அதை நீங்களாக வெட்ட வேண்டாம். மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னென்ன தேவை?

பூனை நகம் வெட்டுகிற சின்னக் கத்தரி இருந்தால் நல்லது. செல்லப்பிராணிப் பொருள்கள் விற்கிற கடைகளில் கிடைக்கும். குட்டியாக இருந்தால், கைக்குழந்தைக்கு வைத்திருக்கும் மாதிரியான நெயில்கட்டர் போதும். பிராணிக்கென்று தனியாகப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ந்த பிராணியின் தடித்த நகத்தைப் பெரியவர்களுடைய நெயில்கட்டரில் வெட்டினால், நகம் நசுங்கிப் பிளக்க வாய்ப்புண்டு. எந்தக் கருவியானாலும் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரிதான் அதிகம் வலிக்கும்.

கூடவே ஒரு பருத்தித் துண்டு, கொஞ்சம் பஞ்சு, ஒரு மூடியில் கார்ன்ஃப்ளார் மாவு, அதற்குப் பிடித்த தீனி. கொத்தமல்லித்தழை, ஒரு துண்டு குடைமிளகாய் போன்றவை நல்ல தேர்வு. இவற்றில் வைட்டமின் சி இருக்கிறது. மனிதர்களைப் போலவே கினி பிக் உடம்பும் வைட்டமின் சியைத் தானாகத் தயாரித்துக்கொள்ளாது. சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். குறைந்துபோனால் மூட்டு வலிக்கும். காலைத் தொட்டாலே கத்துகிற கினி பிக்கை ‘பிடிவாதம்’ என்று நினைத்துவிடாதீர்கள். அதன் கால் நிஜமாகவே வலித்துக்கொண்டிருக்கலாம்.

முதல் வாரம் கத்தரி வேண்டாம்

நிறைய பேர் தவறவிடுகிற இடம் இதுதான். மேலேயிருந்து ஒரு கை இறங்கினால், கினி பிக்குக்கு அது பருந்து மாதிரி. அதனால்தான் ஓடுகிறது. பிடித்த பிறகு அசையாமல் உட்கார்ந்திருந்தால் ‘அட, பழகிவிட்டது’ என்று சந்தோஷப்படுகிறோம். பயத்தில் உறைந்துபோவதும் அப்படித்தான் இருக்கும். கண்கள் பிதுங்கியது போல விரிந்து, உடம்பு விறைத்திருந்தால் அது பயம். உடம்பு தளர்ந்து, கொடுத்த தழையைச் சாப்பிட்டால்தான் அது நிம்மதி. பற்களைக் கடகடவென்று தட்டினால், ‘விலகிப் போ’ என்று எச்சரிக்கிறது என்று அர்த்தம்.

முதல் வாரம் தினமும் ஐந்து நிமிடம் மடியில் வைத்துத் தீனி கொடுங்கள். சாப்பிடும்போதே ஒரு பாதத்தைத் தொட்டு விடுங்கள். மறுநாள் பாதத்தை விரல்களுக்கு நடுவே இரண்டு நொடி பிடித்து விடுங்கள். அதற்கடுத்த நாள் கத்தரியை மூடியபடி நகத்தில் தொட்டுக் காட்டுங்கள். கால் தொடப்படும்போதெல்லாம் தழை வருகிறது என்று அதற்குப் புரிந்துவிட்டால், உங்கள் வேலை பாதி முடிந்தது.

வெட்டுகிற நாளில்...

* தரையில் பாய் விரித்து உட்காருங்கள். கட்டில், நாற்காலி, மேஜை எதுவும் வேண்டாம். கினி பிக் பூனை போல லாகவமாகக் குதித்து இறங்காது. நாற்காலி உயரத்திலிருந்து விழுந்தாலே கால், பல், முதுகெலும்பு உடையலாம். தரையில் உட்கார்ந்தால் அந்தக் கவலை இல்லை.

* மின்விசிறி ஓடட்டும். காலை அல்லது சாயங்கால நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கினி பிக்குக்கு வெயில் ஆகாது. வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அவதிப்படத் தொடங்கும். நம் ஊர்க் கோடையில் மதியம் அதைத் துண்டில் சுற்றிப் பிடித்தால் உடம்பு சூடேறிவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் வடிந்தாலோ, துவண்டாலோ உடனே நிறுத்தி, குளிர்ச்சியான இடத்தில் விடுங்கள். தெளியவில்லை என்றால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

* இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் வெட்டலாம். பிடிப்பவர் ஒரு கையை மார்புக்குக் கீழேயும், இன்னொரு கையைப் பின்பக்கத்துக்குக் கீழேயும் கொடுத்து, அதன் முதுகு தன் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ளட்டும். மார்பை இறுக்கக் கூடாது. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைக்கவும் கூடாது.

* அதிகம் துள்ளினால், வெட்ட வேண்டிய காலை மட்டும் வெளியே விட்டு, உடம்பைத் துண்டில் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். முகம் திறந்தே இருக்கட்டும்.

* முதல் வாரம் ஒரு முன்னங்காலோடு தொடங்குங்கள். பாதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே மெதுவாகப் பிடியுங்கள். விரலைத் திருகாதீர்கள், காலை வெளியே இழுக்காதீர்கள். கால் எந்தப் பக்கம் இயல்பாக மடங்குகிறதோ அந்தப் பக்கமே போங்கள்.

* கத்தரியை நகத்தில் வைத்து, வெட்டாமல் லேசாக அழுத்திப் பாருங்கள். காலைச் சட்டென்று இழுத்தால் உள்சதை பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இன்னும் நுனிக்கு நகருங்கள். பிறகு தயங்காமல் ஒரே வெட்டு.

* ஒரு நகம் முடிந்ததும் ஒரு வாய்த் தழை. நான்கு நகம் முடிந்ததும் கூண்டுக்கு அனுப்பிவிடுங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு நகத்திலேயே முரண்டு பிடித்தால் இரண்டோடு நிறுத்துங்கள். மீதி நாளைக்கு.

பின்னங்கால் நகங்கள் முன்னங்காலைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். அதைப் பிடிக்கும்போதுதான் உதைக்கும். இரண்டு வாரம் முன்னங்கால் பழகிவிட்டுப் பின்னங்காலுக்குப் போனால் உங்களுக்கும் கை திருந்தியிருக்கும்.

ஏற்கெனவே நகம் அதிகமாக வளர்ந்து வளைந்துவிட்டதா? அப்படியென்றால் உள்சதையும் அதனுடனேயே நீண்டிருக்கும். ஒரேயடியாகக் குட்டையாக வெட்டிவிடாதீர்கள். மூன்று நாளுக்கு ஒரு கால் என்று வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் நுனியை மட்டும் எடுங்கள். இரண்டு மூன்று சுற்று இப்படி வெட்டிவந்தால் உள்சதை மெல்ல உள்வாங்கிக்கொள்ளும். பிறகு பழைய வேகத்துக்குத் திரும்பலாம்.

பெண் கினி பிக் கர்ப்பமாக இருந்தால் வயிற்றை அழுத்தாமல், மடியில் நின்றபடியே எட்டுகிற நகத்தை மட்டும் வெட்டுங்கள். பிரசவம் நெருங்கியிருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்த இடத்திலிருந்து வாங்கிவந்தீர்கள் என்றால், வாங்கும்போதே அது கர்ப்பமாக இருந்திருக்கலாம்.

ரத்தம் வந்துவிட்டால்?

எத்தனை கவனமாக இருந்தாலும் ஒருநாள் வரலாம். பார்க்கத்தான் பயமாக இருக்கும். ஒரு நகத்திலிருந்து வருகிற ரத்தம் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும்.

கார்ன்ஃப்ளார் மாவைப் பஞ்சில் எடுத்து நகத்தின் நுனியில் வைத்து, இரண்டு மூன்று நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தம் கலைந்துவிடும். கார்ன்ஃப்ளார் இல்லையென்றால் மைதா போதும். நின்ற பிறகு, சுத்தமான வெள்ளைத் துணி விரித்த கூண்டில் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். புதிதாக ரத்தம் கசிந்தால் வெள்ளைத் துணியில் உடனே தெரியும்.

நம் வீடுகளில் ரத்தத்தைப் பார்த்ததும் கை தானாகப் போகிற இடங்கள் மூன்று. காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள்தூள். கினி பிக்குக்கு இவை வேண்டாம். அது காலை நக்கும். காபித்தூளில் இருக்கிற காஃபின், ஏறக்குறைய ஒரு கிலோ எடையே உள்ள உடம்புக்கு விஷம் மாதிரி. சுண்ணாம்பு புண்ணையும் வாயையும் பொத்துவிடும். மஞ்சள்தூளுக்குக் கார்ன்ஃப்ளார் செய்கிற வேலையைவிட இங்கே அதிகமாக எதுவும் இல்லை. கால், துணி எல்லாம் மஞ்சளாகி, ரத்தம் கசிகிறதா என்பதே தெரியாமல் போய்விடும். சலூன்களில் வைத்திருக்கும் படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், ஆனால் எரியும். நெடியடிக்கிற கிருமிநாசினித் திரவங்களையும் ஊற்றாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை, நகம் வேரோடு பிய்ந்துவிட்டது, பாதத்தில் வீக்கமோ பொருக்கோ இருக்கிறது, நகம் சதைக்குள் இறங்கிவிட்டது... இந்த நான்கில் எதுவாக இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். அதேபோல, நகம் வெட்டிய பிறகு அரை நாள் ஆகியும் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். கினி பிக்கின் குடல் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் பட்டினிகூட அதன் உயிருக்கு ஆபத்து.

இன்னொரு முக்கியமான விஷயம். புண்ணைப் பார்த்ததும், வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் கினி பிக்கின் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும். அந்த இடத்தில் கெட்ட கிருமிகள் பெருகி, சில நாளில் உயிரே போய்விடும். நாய்க்கும் மனிதர்களுக்கும் சாதாரணமாகக் கொடுக்கிற மருந்து இது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மருத்துவரிடம் போகும்போதும், ‘இது கினி பிக், இதற்கு ஏற்ற ஆன்டிபயாடிக்தானே?’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

பக்கத்து கிளினிக்கில் நாயும் பூனையும்தான் பார்ப்பார்கள் என்றால், அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளில் விசாரியுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் இந்தக் கல்லூரிகள் இருக்கின்றன. வெட்டவே தைரியம் வரவில்லையா? முதல் முறை மருத்துவரிடமே வெட்டச் சொல்லி, அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அனுமதி கேட்டு வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை?

கினி பிக் பெரும்பாலும் பிள்ளைகள் கேட்டு வீட்டுக்கு வந்ததாகத்தான் இருக்கும். நகம் வெட்டும்போது மட்டும் அவர்களை ‘தள்ளிப் போ’ என்று விரட்ட வேண்டாம். கத்தரி பெரியவர்கள் கையில் இருக்கட்டும். தழை கொடுப்பது, டார்ச் பிடிப்பது, எந்தத் தேதியில் எந்தக் கால் முடிந்தது என்று காலண்டரில் குறிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ‘முன் வலது, முன் இடது, பின் வலது, பின் இடது’ என்று வரிசையை எழுதி, கூண்டுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பயப்படுகிற ஒரு ஜீவனிடம் சத்தம் போடாமல், அவசரப்படாமல் நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

கூண்டில் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில், லேசாகச் சொரசொரப்பான கடப்பா கல் ஒன்றைப் போட்டுவைக்கலாம். போக வர நகம் கொஞ்சம் தேயும். வெயில் நாளில் படுத்துக்கொள்ளவும் குளுமையாக இருக்கும். ஆனால் கல் இருக்கிறதே என்று வெட்டாமல் விட முடியாது. உப்புத்தாள் ஒட்டிய விரிப்புகளை மட்டும் போடாதீர்கள். அது நகத்தைத் தேய்ப்பதற்கு முன் பாதத்தைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும்.

இந்த வாரம் கத்தரி எடுக்க வேண்டாம். ஒரு கொத்து கொத்தமல்லித்தழையோடு தரையில் உட்காருங்கள். நான்கு கால்களையும் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் நகத்தை அடுத்த வாரம் வெட்டிக்கொள்ளலாம்!